இரண்டு முறை இறங்காமல் மேலேறிய விமானம்: இனி நம்பி ஏறலாமா?

காசிமேட்டிலிருந்து 33 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா விசைப்படகு ஓட்டி ஓய்ந்தவர். நவம்பர் கடைசியில், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் நின்ற நாளில், அப்பாவையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு மும்பையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்திருக்கிறார். தரை தெளிவாகத் தெரியும் உயரத்தில் விமானம் இரு பக்கமும் ஆடி, திடீரென இன்ஜின் அலற மேலே ஏறியது. இருபது நிமிடம் கழித்து மறுபடி இறங்கப் பார்த்து, மறுபடி மேலே. பிறகு பெங்களூரு. அங்கே மூன்று மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறார்கள். இரவு சென்னையில் ஒருவழியாக இறங்கியபோது சக்கரம் தரையில் ஓங்கி மோதி, தலைக்கு மேல் இருந்த பெட்டித் தட்டு ஒன்று திறந்துகொண்டது. “காத்து புரியாத ஆளு ஓட்டுறாரும்மா” என்றாராம் அப்பா.

கணவருக்கு அந்தமானில் வேலை. டிசம்பர் இரண்டாம் வாரம் அப்பா, மகளுடன் அங்கே போக விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதை ரத்து செய்துவிட்டுக் கப்பலில் போகலாமா என்பது முக்கியக் கேள்வி. கூடவே சில சந்தேகங்கள்: அனுபவமில்லாத விமானியா? முடியாது என்று தெரிந்தும் இரண்டாவது முறை ஏன் முயன்றார்கள்? கம்ப்யூட்டரே இறக்கிவிடாதா? எரிபொருள் தீர்ந்திருந்தால்? அலைக்கழித்ததற்கு நஷ்டஈடு கிடைக்குமா?

பதில் சொல்பவர், பயணிகள் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் கேப்டன்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. ஆறு வயதுப் பிள்ளையையும் வயதான அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாத நிலையில் அப்படி ஆடினால் யாருக்கும் உயிர் போய் உயிர் வரும். ஆனால் கடிதத்தில் நீங்கள் எழுதியதை வரிசையாக வைத்துப் பார்த்தால், அன்று உங்கள் விமானிகள் செய்த ஒவ்வொன்றும் செய்ய வேண்டியதுதான். அதை முழுதாக விளக்குகிறேன். டிக்கெட்டைப் பற்றி முடிவெடுக்க அதுவே உதவும்.

முதலில், மேலேறியது பற்றி

இறங்க வந்த விமானம் இறங்காமல் மேலேறுவதற்கு எங்கள் வழக்கில் ‘கோ அரவுண்ட்’ என்று பெயர். அது விமானி தோற்றுப்போனதன் அடையாளம் என்று நினைக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. இறங்கத் தொடங்கும் முன்பே இரண்டு விமானிகளும், எந்த நிலையில் கைவிடுவது, கைவிட்டால் எந்தத் திசையில் எவ்வளவு உயரம் ஏறுவது, யார் எந்த விசையைத் தொடுவது என்று வாய்விட்டுப் பேசி முடித்திருப்பார்கள்.

நிபந்தனைகள் எழுத்தில் இருக்கின்றன. மேகத்துக்குள் வரும்போது தரையிலிருந்து 1,000 அடி உயரத்துக்குள் விமானம் சரியான சரிவுப் பாதையில் இருக்க வேண்டும். சக்கரமும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே விரியும் ஃப்ளாப்பும் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். வேகம், குறித்த அளவுக்கு மேலே 10 நாட், கீழே 5 நாட் என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்). கீழிறங்கும் விகிதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது. இன்ஜின் விசை நிலையாக இருக்க வேண்டும். காற்று வீச்சால் ஒரு முள் நொடிப்பொழுது எல்லை தாண்டித் திரும்பினால் அதைத் திருத்திக்கொண்டு வரலாம். தாண்டியே நின்றால், ஓட்டாத மற்ற விமானி “கோ அரவுண்ட்” என்று சொல்ல வேண்டும். அவர் பதவியில் இளையவராக இருந்தாலும் சரி, சொன்னால் ஏறியாக வேண்டும். ஏறியதற்காக விமானியிடம் நடவடிக்கை எடுப்பதில்லை என்பதை விமான நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். நிலையாக இல்லாத இறக்கத்தைத் தொடர்ந்ததும், ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டதும், மற்ற விமானி கோ அரவுண்ட் சொல்லியும் ஏறாததும் விசாரணை அறிக்கையில் இருக்கின்றன. ஆபத்து எங்கே இருக்கிறது என்று இப்போது புரியும். உங்கள் விமானம் மேலேறிய அந்த இரண்டு தருணங்களில் அந்த ஆபத்து உங்களிடமிருந்து விலகிப் போனது.

மேலேறும்போது வரும் அந்த அலறல், விசை நெம்புகோலை முழுதாக முன்னே தள்ளுவதால் வருவது. மூக்கு ஏறக்குறைய 15 டிகிரி மேலே தூக்கும், ஃப்ளாப் ஒரு படி மடங்கும், ஏறுவது உறுதியானதும் காலடியில் ‘தடக்’ என்ற சத்தத்தோடு சக்கரம் உள்ளே போகும். இன்ஜின் முழு விசைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். முடிவெடுத்த பிறகும் விமானம் முப்பது, நாற்பது அடி கீழிறங்கிவிட்டுத்தான் ஏறும். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டு ஏறுவதுகூட உண்டு, அதற்கும் பயிற்சி இருக்கிறது. இன்ஜினின் எதிர்விசையை, அதாவது ரிவர்ஸ் த்ரஸ்டை, இயக்கிவிட்டால் மட்டும் பிறகு ஏறக் கூடாது. அதற்குப் பின் நிற்பது ஒன்றே வழி. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் யாரும் பேசவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இருவரும் கைநிறைய வேலையோடு இருப்பார்கள், பயணிகளிடம் பேசுவது வரிசையில் கடைசி. இருந்தாலும் மேலே ஏறி நிலைத்த பிறகு இரண்டு வாக்கியமாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

குறுக்குக் காற்றின் கணக்கு

உங்கள் அப்பாவுக்கு இது எளிதில் விளங்கும். துறைமுக வாயில் குறுக்கே நீரோட்டம் இழுக்கும்போது, படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பி வைத்தால்தான் படகு நேராக உள்ளே வரும். விமானமும் அப்படியே வருகிறது.

சென்னையின் முக்கிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். அதன் பெயர் 07/25. அதாவது ஒரு முனையிலிருந்து 70 டிகிரி திசையிலும், மறு முனையிலிருந்து 250 டிகிரி திசையிலும் இறங்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழக்கமான காற்று ஏறக்குறைய முகத்துக்கு நேரே வருவதால் 07 வசதியானது. தாழ்வு மண்டலம் சென்னைக்குக் கிழக்கே கடலில் வந்து நின்றால் காற்று நேர் வடக்குக்குத் திரும்பிவிடும். அந்த வாடைக்காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும்.

ஓர் உதாரணம். வடக்கிலிருந்து 22 நாட், வீச்சில், அதாவது திடீரென எகிறும்போது, 36 நாட் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்கிறது என்று வைப்போம். காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையே 70 டிகிரி கோணம். குறுக்கே தள்ளும் பங்கு 21 நாட், வீச்சில் 34 நாட். விமானிகள் மனக்கணக்காக 30 டிகிரிக்குப் பாதி, 45க்கு பத்தில் ஏழு, 60க்கு மேல் ஏறக்குறைய முழுதும் என்று போடுவார்கள். 140 நாட் வேகத்தில் வரும் விமானம் இதைச் சமாளிக்க மூக்கை 8 முதல் 14 டிகிரி வரை காற்றின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ஃபெஞ்சல் புயலன்று, 2024 நவம்பர் 30, சென்னையில் எடுத்த காணொளியை உறவினர் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் விமானம் ஓடுபாதைக்குக் கோணலாக வருவது போலத் தெரிவது இதனால்தான். அந்த விமானமும் தரையை நெருங்கியபின் முயற்சியைக் கைவிட்டு மேலேறியது என்பதைக் கவனியுங்கள்.

எல்லை எவ்வளவு? ஏர்பஸ் 320 வகைக்கு வீச்சையும் சேர்த்துக் குறுக்குக் காற்று 38 நாட். ஓடுபாதையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய பாதியாகக் குறையும், ஏனென்றால் தண்ணீரில் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. நிறுவனங்கள் தங்கள் எல்லையை இதற்கும் கீழே வைப்பதுண்டு. மோசமான வானிலையில் துணை விமானியை இறக்க விடாமல் கேப்டனே இறக்குவது நம் நாட்டு நடைமுறை. அதனால் “அனுபவமில்லாதவர்” என்ற ஐயத்தை விட்டுவிடலாம்.

கோபுரம் சொல்லும் காற்று வேகம் கடைசி இரண்டு நிமிடங்களின் சராசரி. சராசரியை விட 10 நாட் அல்லது அதற்கு மேல் எகிறினால் அதை ‘வீச்சு’ என்று தனியே சொல்வார்கள். எப்படியானாலும் அது நடந்து முடிந்த காற்று. சக்கரம் தரையைத் தொடும் நொடியில் எது வரும் என்று அந்த எண் சொல்லாது. அதனால்தான் எண் எல்லைக்குள் இருந்தும் கடைசி ஐம்பது அடியில் கைவிட நேர்கிறது. அடுத்த முயற்சியில் அதே காற்று அடங்கியிருக்கவும் கூடும். புயல் நாளில் மழையும் வீச்சும் பட்டை பட்டையாக வரும், ஒரு பட்டை கடக்கப் பத்து, இருபது நிமிடம் போதும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் டாப்ளர் ரேடார் காட்டுவது அந்தப் பட்டைகளைத்தான். இருபது நிமிடம் காத்து இரண்டாவது முறை வந்தது அந்த இடைவெளியைப் பிடிக்க. இரண்டும் கைகூடாவிட்டால், வானிலை தெளிவாக மேம்படாத வரை மூன்றாவது முயற்சி கூடாது என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் விதி. உங்கள் விமானம் பெங்களூருக்குத் திரும்பியது அந்த விதிப்படி.

கம்ப்யூட்டர் ஏன் இறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தானாக இறக்கும் வசதி மூடுபனிக்காக வடிவமைக்கப்பட்டது. பனி நாளில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஏர்பஸ் 320இல் அதற்கான குறுக்குக் காற்று எல்லை 20 நாட். அதற்கு மேல் மனிதக் கைதான்.

கடைசி 30 அடியும் அந்த மோதலும்

வீச்சுக் காற்றில் இறங்கும் வேகத்தை 5 முதல் 15 நாட் வரை கூட்டி வைப்பார்கள். எதிர்க்காற்று சட்டென்று விழுந்தால் இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகமும் அதே அளவு விழும். அறுபது டன் விமானத்தால் அதை உடனே ஈடுகட்ட முடியாது என்பதால் கையிருப்பு தேவை. ஆனால் அளவுக்கு மேல் கூட்டினால் விமானம் தரை தொடாமல் மிதந்து, ஓடுபாதையைத் தின்றுவிடும்.

தரையிலிருந்து ஏறக்குறைய 30 அடியில் மூக்கை லேசாகத் தூக்கி, இன்ஜின் விசையைக் குறைத்து, வாலிலுள்ள திருப்புப் பலகையான ரட்டரைக் காலால் இயக்கிக் கோணலாக இருந்த மூக்கை ஓடுபாதைக்கு நேராகத் திருப்புவார் விமானி. திருப்பும்போது காற்றுப் பக்கத்து இறக்கை மேலே எழும்பப் பார்க்கும். அதைக் கைப்பிடியால் அமுக்கி வைக்க வேண்டும். அதிகம் அமுக்கினால் இறக்கை முனையோ இன்ஜினோ தரையில் உரசும். சீக்கிரம் திருப்பினால் காற்று விமானத்தை ஓரத்துக்குத் தள்ளும். தாமதித்தால் சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபடும். எல்லாம் சேர்ந்து நான்கைந்து விநாடி. காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொடும், பிறகு மற்றது, கடைசியில் மூக்குச் சக்கரம். நீங்கள் உணர்ந்த ஆட்டத்தில் ஒரு பங்கு காற்று, பெரும்பங்கு அந்தக் காற்றுக்கு விமானி கொடுத்துக்கொண்டிருந்த பதில்.

பூப்போல இறக்குவதுதான் நல்ல இறக்கம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஈரமான ஓடுபாதையில் அது தவறான ஆசை. மெதுவாக வருடிக்கொண்டு தொட்டால் சக்கரம் தண்ணீர்ப் படலத்தின் மேல் சறுக்கும். அழுத்தித் தொட்டால் டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும், சக்கரம் சுழலும், விமானத்தின் எடை சக்கரத்தில் இறங்கும். அதைக் கண்டுகொண்டுதான் இறக்கையின் மேலுள்ள ஸ்பாய்லர் பலகைகள் எழுந்து, பிரேக் வேலை செய்யத் தொடங்கும். சக்கரக் கால்கள் விநாடிக்கு 10 அடி வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி சான்றளிக்கப்பட்டவை. சாதாரண இறக்கம் அதில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குதான். ஏர்பஸ் 320இல் தாக்கம் புவியீர்ப்பைப் போல் 2.6 மடங்கைத் தாண்டினால் பதிவாகும். சோதனை முடியாமல் அந்த விமானம் மறுபடி பறக்காது. தட்டு திறந்துகொண்டது தாழ்ப்பாள் சரியாக மாட்டாததால் இருக்கலாம். அதை விமானப் பணிப்பெண்ணிடம் அப்போதே சொல்வது நல்லது, பழுதுப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

எரிபொருள்

இதில் உங்கள் அச்சத்துக்கு இடமே இல்லை. கிளம்பும்போதே சென்னை வரைக்குமானது, அதன் மேல் எதிர்பாராச் செலவுக்கு வழக்கமாக 5 சதவீதம், சென்னையில் இறங்காமல் மாற்று நிலையம் போவதற்கானது, அங்கே 1,500 அடியில் 30 நிமிடம் சுற்றுவதற்கானது என்று கணக்குப் போட்டு ஏற்றுகிறார்கள். வானிலை மோசம் என்றால் கேப்டன் தன் முடிவில் இன்னும் கூட்டிக் கேட்பார், மறுக்க மாட்டார்கள். பெங்களூருக்கும் அந்த 30 நிமிடத்துக்கும் வேண்டியது மட்டும் மிச்சமிருக்கும் புள்ளி வந்ததும் சென்னையை விட்டுக் கிளம்ப வேண்டும். முயற்சி எத்தனை என்பதை ஒருவகையில் தொட்டியும் தீர்மானிக்கிறது.

கப்பலா, விமானமா?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜய புரத்துக்கு, விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். கப்பலில் இரண்டரை நாளுக்கு மேல். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். விமானத்தை நிறுத்தும் அதே புயல் கப்பலையும் துறைமுகத்தில் நிறுத்தும், அல்லது அப்பாவையும் குழந்தையையும் நடுக்கடலில் வாட்டும். பயத்தால் மட்டும் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தமான் விமானங்களில் ஒரு கூடுதல் கவனமும் உண்டு: அங்கே பக்கத்தில் மாற்று நிலையம் இல்லாததால், இறங்க முடியாவிட்டால் இந்தியக் கரைக்கே திரும்பும் கணக்கோடு கிளம்புகிறார்கள். அதனால் திரும்பி வந்தால் கலங்காதீர்கள்.

தேதியை மாற்ற முடியுமானால் ஜனவரி பிற்பகுதிக்கோ பிப்ரவரிக்கோ மாற்றுங்கள், கடலும் வானமும் அடங்கியிருக்கும். டிசம்பரிலேயே போக வேண்டுமென்றால் காலையின் முதல் விமானத்தைப் பாருங்கள். சாதாரண நாளில் காலைக் காற்று அமைதியானது, ரத்தானாலும் அன்றே வேறு வழி தேட நேரம் இருக்கும். இறக்கைக்கு மேலுள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவாகத் தெரியும், வால்பக்கம் வேண்டாம். பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் இறுக்கமாக இருக்கட்டும். ஆட்டத்தில் காயம்படுபவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்களே. அப்பாவின் மருந்தும் குழந்தைக்கு ஒருவேளை உணவும் கைப்பையில் இருக்க வேண்டும், கீழே ஏற்றும் பெட்டியில் அல்ல. இன்ஜின் சத்தம் கூடினால் “மேல போறோம், சுத்தி வந்து இறங்குவோம்” என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் குழந்தை பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். மழை நாளில் காசிமேட்டிலிருந்து காரில் கிளம்பிச் சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டாதீர்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அதே தடத்தில் விமான நிலையம் வரை போகலாம்.

நஷ்டஈடு பற்றி

வானிலையால் வந்த தாமதத்துக்கோ ரத்துக்கோ பண இழப்பீடு தர வேண்டிய கடமை விமான நிறுவனத்துக்கு இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி அதை விலக்கியிருக்கிறது. அந்த ஒன்றுக்காக வழக்குப் போட வேண்டாம். தாமதத்துக்குப் பொதுவாக உள்ள மற்ற உரிமைகள் இவை, வானிலைத் தாமதத்தில் இவற்றுக்கும் விலக்கு உண்டு என்று நிறுவனம் வாதிடலாம். இரண்டரை மணி நேரத்துக்குட்பட்ட பயணத்தில் புறப்பாடு 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பெங்களூரில் அந்த மூன்று மணி நேரத்தில் குழந்தைக்குக்கூட எதுவும் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விமான எண், தேதி, இருக்கை எண்ணோடு முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியுங்கள். டிசம்பர் டிக்கெட்டை இப்போதே ரத்து செய்தால் கட்டணத்தில் பெரும்பகுதி போய்விடக்கூடும். பயணத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். புயல் அறிவிப்பு வந்தால் கட்டணமின்றித் தேதி மாற்ற நிறுவனங்கள் பல நேரங்களில் முன்வருகின்றன, அந்த அறிவிப்புக்குக் காத்திருந்து மாற்றுவது உங்களுக்கு லாபம்.